ஓய்வுக்கு முன்பே அனுப்புகிறார்களா? கையெழுத்துக்கு முன் இ.எஸ்.ஐ. மருத்துவத்தை நினைத்துக்கொள்ளுங்கள்

புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளிலும் கடலூர் சிப்காட்டிலும் வேலை பார்த்து 55 வயதைத் தாண்டியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஓய்வு வயதுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது உங்களை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, "செட்டில்மென்ட் தயாராக இருக்கிறது, ஒரு கடிதம் மட்டும் கொடுங்கள்" என்று சொன்னால், அந்தக் கடிதத்தில் நீங்கள் வெளியேறுவதற்கு என்ன காரணம் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். எங்கள் கடிதத்தில் இருந்த ஒரு வரியால், ஆயுள் முழுவதும் கிடைத்திருக்க வேண்டிய இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மருத்துவத்தை நானும் என் கணவரும் இழந்து நிற்கிறோம். என்னோடு சேர்ந்து அனுப்பப்பட்ட ஐந்து பெண்களுக்கும் இதே கதிதான். வழக்கு நடப்பதால் ஆலையின் பெயரைச் சொல்லவில்லை. பெயர் முக்கியமும் அல்ல. இதே வித்தையை வேறு ஆலைகளிலும் காட்டியிருக்கிறார்கள் என்று வழக்குக்காக அலைந்தபோது தெரிந்துகொண்டேன்.

1999-இல் அந்த ஆலையில் சேர்ந்தேன். மாத்திரைகளை அட்டையில் அடைத்துப் பெட்டியில் போடும் பேக்கிங் பிரிவு. கடைசியில் வாங்கிய சம்பளம் 16,000 ரூபாய். அதில் இ.எஸ்.ஐ.க்கு முக்கால் சதவீதம், அதாவது மாதம் 120 ரூபாய் பிடிப்பார்கள். நிர்வாகம் தன் பங்காக 3.25 சதவீதம் கட்டும். 2021-இல் என் கணவருக்கு மாரடைப்பு வந்தபோது அந்த 120 ரூபாயின் அருமை புரிந்தது. கோரிமேடு இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பரிந்துரைக் கடிதம் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வரும்வரை எங்கள் கையில் இருந்து மருத்துவச் செலவு என்று எதுவும் போகவில்லை. அன்று முதல் அவருக்கு மாத்திரைகள் மாதா மாதம் எங்கள் பகுதி இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் இருந்துதான் வந்தன. அவர் ஆட்டோ ஓட்டுவதை நிறுத்திவிட்டார். குடும்பம் என் சம்பளத்தில் ஓடியது.

ஓய்வு பெற்ற பிறகும் இ.எஸ்.ஐ. மருத்துவம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. குறைந்தது 5 ஆண்டுகள் காப்பீட்டில் இருந்தவர் ஓய்வு வயது வந்து வெளியேறினாலோ, விருப்ப ஓய்வுத் திட்டத்தில் போனாலோ, முன்கூட்டியே ஓய்வு பெற்றாலோ, வருடத்துக்கு 120 ரூபாய் மொத்தமாகக் கட்டினால் போதும். அவருக்கும் அவருடைய கணவர் அல்லது மனைவிக்கும் மருத்துவம் தொடரும். பிள்ளைகளுக்குக் கிடையாது. இ.எஸ்.ஐ. மத்திய விதிகளில் 61-ஆவது விதி இது. நான் ஒரு மாதத்துக்குக் கட்டிய தொகையைத்தான் இங்கே ஒரு வருடத்துக்குக் கேட்கிறார்கள். இதைவிடப் பெரிய சொத்து எங்களைப் போன்றவர்களுக்கு வேறு இல்லை.

2023 ஜூலை. அடுத்த பிப்ரவரியில் எனக்கு 58 முடிகிறது. எங்கள் ஆலை நிலையாணைப்படி (வேலை விதிகளின்படி) அதுதான் ஓய்வு வயது. ஷிப்ட் முடியும் நேரத்தில் பர்சனல் ஆபீசர் எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டார். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அந்த ஆபீசரோ வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகாத பையன். எங்களை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆர்டர் குறைந்துவிட்டது, ஆட்களைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு, உங்களைப் போன்ற சீனியர்களைக் கௌரவமாக அனுப்ப வேண்டும் என்று நினைக்கிறோம் என்றார். ஆளுக்கு ஒரு கவர். என்னுடையதில் 2,40,000 ரூபாய்க்குக் காசோலை. கூடவே ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு பக்கக் கடிதம். பெயர், டோக்கன் எண், தேதி மட்டும் பேனாவால் எழுதியிருந்தது. கையெழுத்து இடத்தில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி.

"தம்பி, இ.எஸ்.ஐ. என்ன ஆகும்?" என்று நான்தான் கேட்டேன். "அக்கா, இது விருப்ப ஓய்வு மாதிரிதான். வருடத்துக்கு 120 ரூபாய் கட்டிக்கொண்டே இருங்கள், உங்களுக்கும் அண்ணனுக்கும் ஆயுள் முழுக்க மருத்துவம் உண்டு" என்றார். தொகையைக்கூடச் சரியாகச் சொன்னார் பாருங்கள். விதி தெரியாத ஆள் இல்லை. அச்சடித்த கடிதத்தில் இருந்ததோ, சொந்தக் காரணங்களுக்காக வேலையை ராஜினாமா செய்கிறேன், இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை என்பது. நகல் கேட்டோம். மேனேஜர் கையெழுத்து ஆனதும் தருவதாகச் சொன்னார்கள். காசோலை இன்று வாங்கினால்தான், நாளைக்கு இந்தத் தொகை கிடையாது என்றும் சொன்னார்கள்.

படித்துப் பார்க்காமலா கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலக் கடிதத்தை நீட்டி, தமிழில் வேறொன்றைச் சொல்லி, வெளியே ஆலைப் பஸ் கிளம்பும் நேரம் பார்த்து வாங்கிய கையெழுத்து அது. அந்தக் கேள்வியைக் கடிதத்தை எழுதியவரிடம் கேளுங்கள்.

அந்த 2,40,000 பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் காட்டித்தான் எல்லோரையும் மடக்குகிறார்கள். அப்போது இருந்த பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டப்படி, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். எனக்கு அது 13,000 ரூபாய். வருடத்துக்கு 7,500 என்று 24 வருடத்துக்கு 1,80,000. நான் எப்படி வெளியேறினாலும் அவர்கள் கொடுத்தே ஆக வேண்டிய பணம் இது. ஆக, கௌரவத்துக்கு அவர்கள் போட்ட விலை 60,000. முறைப்படி ஆட்குறைப்பு என்று அனுப்பியிருந்தால், ஒரு மாத நோட்டீசோ அதற்கான சம்பளமோ தந்து, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் இழப்பீடும் தர வேண்டும். என் சம்பளத்துக்கு வருடம் 8,000. 24 வருடத்துக்கு 1,92,000. இது பணிக்கொடைக்கு மேலே தனியாக. வேறு ஒரு சிக்கலும் அவர்களுக்கு இருந்தது. ஆட்குறைப்பு என்றால் கடைசியில் வந்தவரை முதலில் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். எங்கள் பிரிவில் எங்களுக்குப் பிறகு சேர்ந்தவர்கள் ஒரு வரிசையே இருந்தார்கள். ராஜினாமா என்று வாங்கிவிட்டால் இந்தக் கேள்வி எதுவும் எழாது. விருப்ப ஓய்வு என்றே எழுதியிருக்கலாமே என்று தோன்றும். அப்படி எழுதினால் திட்டம் ஒன்றை அறிவிக்க வேண்டும், மற்ற பிரிவுக்காரர்களும் கேட்டு வருவார்கள். எங்கள் மருத்துவம் போனது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அடுத்த மாதமே எங்கள் மேசைகளில் காண்ட்ராக்ட் பெண்கள் உட்கார்ந்தார்கள். ஆர்டர் குறைந்த லட்சணம் அது.

இந்த ஏமாற்று உடனே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான சந்தாவுக்கு அடுத்த ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை பலன் என்று இ.எஸ்.ஐ.யில் ஒரு கணக்கு உண்டு. நாங்கள் ஜூலை வரை கட்டியிருந்ததால் 2024 ஜூன் 30 வரை அட்டை செல்லுபடியானது. மாத்திரை வந்துகொண்டே இருந்தது. ஆபீசர் சொன்னது உண்மைதான் என்று நம்பிக்கொண்டிருந்தோம். ஜூலை முதல் வாரம் மருந்தகத்தில் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, தகுதி இல்லை என்று வருகிறது அம்மா என்றார்கள். 120 ரூபாயை எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் பொறுமையாகவே திரையைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு மாதமும் ஆலை இணையத்தில் சந்தாக் கணக்கு ஏற்றும்போது, வேலை செய்யாத ஆளுக்குக் காரணக் குறியீடு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2 என்றால் வேலையை விட்டுவிட்டார். 3 என்றால் ஓய்வு பெற்றார். 10 என்றால் ஆட்குறைப்பு. எனக்கு 2 போட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றதாக ஆலையிடம் சான்று வாங்கி வந்தால் பணத்தை இன்றே கட்டிக்கொள்கிறேன் என்றார். ஆலையில் சான்று கேட்டால், நீங்கள் ராஜினாமா அல்லவா செய்தீர்கள் என்கிறார்கள். அக்கா என்று கூப்பிட்ட பையன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாராம்.

10 என்று போட்டிருந்தாலும் பிழைத்திருப்போம். ஆட்குறைப்பிலோ ஆலை மூடியோ வேலை இழந்த இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு ராஜீவ் காந்தி பெயரில் ஒரு திட்டம் 2005 முதல் இருக்கிறது. அதிகபட்சம் 2 ஆண்டு, முதல் வருடம் பாதிச் சம்பளம், இரண்டாம் வருடம் கால் பங்கு, அதுவரை குடும்பத்துக்கு மருத்துவம். ராஜினாமா செய்தவருக்கு அதுவும் இல்லை, 120 ரூபாய் மருத்துவமும் இல்லை. இருக்கிற வழிகளிலேயே இரண்டு கதவையும் ஒன்றாகச் சாத்தும் வழியைப் பார்த்து எங்களை அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போது என் கணவருக்கு ஜிப்மரில்தான் பார்க்கிறோம். விடியற்காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும், மருத்துவம் நல்ல மருத்துவம். அங்கே கிடைக்காத மாத்திரையை மக்கள் மருந்தகத்தில் வாங்குகிறேன். தனியார் காப்பீடு விசாரித்தோம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருப்பு வைக்க அவர்களுக்கு அனுமதி இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவர் என்றதும் பிரீமியம் எங்கேயோ போகிறது. 70 வயது நிறைந்தவர்களுக்கு 2024 அக்டோபரில் மத்திய அரசு கொண்டுவந்த 5 லட்ச ரூபாய் காப்பீட்டு அட்டைக்கு அவருக்கு இன்னும் பல வருடம் இருக்கிறது. எங்கள் ஆறு பேரில் இருவர் கடலூர்ப் பக்கம், தமிழ்நாட்டு ரேஷன் அட்டை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் என்று சான்று வாங்கி முதலமைச்சர் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறார்கள். படுத்துச் செய்யும் சிகிச்சைக்கு அது உதவும். மாதா மாதம் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் போடுகிற மாத்திரைக்கு உதவாது.

உங்களைக் கூப்பிட்டால் என்ன செய்வது? அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள், காசோலை காலாவதியாகட்டும். கடிதத்தின் நகலைத் தமிழில் கேளுங்கள். தராவிட்டால் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ராஜினாமா, சொந்தக் காரணம் என்று இருந்தால் அடித்துவிட்டு, நிர்வாகத்தின் முடிவால் ஆட்குறைப்பு என்றோ, விருப்ப ஓய்வு என்றோ எழுதித் தரச் சொல்லுங்கள். 58-க்குக் கொஞ்ச மாதம்தான் பாக்கி என்றால், சம்பளம் இல்லாத விடுப்பிலாவது வைத்து, ஓய்வு தேதியில் விடுவிக்கும்படி கேட்டுப் பாருங்கள். வாயால் சொல்லும் எந்த வாக்குறுதியையும் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அங்கேயே விஷயம் புரிந்துவிடும். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள், கடைசி நாள் இன்னும் வரவில்லை என்றால், ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன் என்று அன்றே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ஒரு நகலைத் தொழிலாளர் துறைக்கும் கொடுத்துவிடுங்கள். வெளியே வந்த மறு மாதமே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் உங்கள் பெயருக்கு என்ன குறியீடு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அட்டை செல்லுபடியாவதை வைத்து எதையும் நம்பாதீர்கள்.

சம்பளம் 21,000-ஐத் தாண்டியதால் இ.எஸ்.ஐ.யில் இருந்து வெளியே வந்து, பிறகு ஓய்வு பெற்றவர்களும் விசாரியுங்கள். 2012 ஏப்ரலுக்குப் பிறகு குறைந்தது 5 ஆண்டு காப்பீட்டில் இருந்து, 2017 ஏப்ரல் 1-க்குப் பின் 30,000 வரை சம்பளத்தோடு ஓய்வு பெற்றவர்களையும் சேர்த்துக்கொள்ள 2024 பிப்ரவரியில் இ.எஸ்.ஐ. கழகம் முடிவெடுத்தது. அவர்களுக்கும் ஓய்வு பெற்றதற்கான சான்றுதான் உயிர்நாடி.

நாங்கள் ஆறு பேரும் முதலில் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் போனோம். நிர்வாகத்தின் தரப்பில் வந்தவர் கடிதங்களை மேசையில் விரித்து, எல்லோரும் தாங்களாகவே போனவர்கள் என்றார். ஆறு பெண்களுக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில், ஒரே எழுத்துப் பிழையோடு எப்படிச் சொந்தக் காரணம் வந்தது என்று சமரச அதிகாரியே கேட்டார், பதில் இல்லை. சமரசம் ஆகவில்லை. இப்போது தொழிலாளர் நீதிமன்றத்தில் இருக்கிறது. ஏமாற்றி வாங்கிய ராஜினாமா ஆட்குறைப்புதான், அதற்கான இழப்பீடும் இ.எஸ்.ஐ. பதிவில் திருத்தமும் வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. நாங்கள் வழக்குப் போட்டபோது 3 ஆண்டு கெடு இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அதை 2 ஆண்டாகக் குறைத்துவிட்டார்கள். எனவே யோசித்துக்கொண்டே இருக்காதீர்கள்.

எங்கள் இடத்தில் காண்ட்ராக்டில் வைத்த பெண்கள் 2023 ஆகஸ்டிலேயே சேர்ந்தார்கள் என்று காட்ட எங்களிடம் காகிதம் எதுவும் இல்லை. அந்தச் சமயத்தில் மேட்டுப்பாளையத்தில் மாத்திரை பேக்கிங் வேலைக்கு காண்ட்ராக்டரிடம் சேர்ந்த யாரிடமாவது சம்பளச் சீட்டோ, கேட் பாஸோ, இ.எஸ்.ஐ. எண் கிடைத்த குறுஞ்செய்தியோ இருந்தால் தெரியப்படுத்துங்கள். உங்கள் வேலைக்கு ஊறு வராதபடி எங்கள் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.