பழைய 40 குதிரைத்திறன் அவுட்போர்டுக்கு 10, 12, 14 அங்குல பிட்ச்: எது பொருந்தும்?

அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன் 1960இல் ஜான்சன், எவின்ரூட் என்ற இரண்டு பெயர்களிலும் விற்கத் தொடங்கிய இரட்டை சிலிண்டர் 40 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும்) மோட்டார், அமெரிக்காவின் வட மாநில ஏரிகளில், அதே காலத்து மரப்படகுகளிலும் அலுமினியப் படகுகளிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. பல கை மாறி வந்த மோட்டாரில் எந்த புரொப்பெல்லர் மாட்டியிருக்கிறதோ அதுவே அதற்கு உரியது என்று எடுத்துக்கொள்ள முடியாது. பதினைந்து அடி நீளமுள்ள இலேசான ஒரு படகில் அந்த மோட்டார் இருப்பதாக வைத்துக்கொண்டு, 10, 12, 14 அங்குல பிட்ச் கொண்ட மூன்று புரொப்பெல்லர்களை இங்கே ஒப்பிடுகிறேன்.

புரொப்பெல்லர் நீரில் நழுவலே இல்லாமல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் எவ்வளவு தூரம் முன்னேறுமோ அதுதான் பிட்ச். இந்த மோட்டார் தன் முழுத் திறனையும் தருவது நிமிடத்துக்கு 4500 சுற்றில். கியர் விகிதம் 1.75 என்பதால் புரொப்பெல்லர் சுற்றுவது சுமார் 2570 முறைதான். நழுவலைக் கழிக்காமல் கணக்கிட்டால் 10 அங்குலத்துக்கு மணிக்கு 24 மைலும், 12 அங்குலத்துக்கு 29 மைலும், 14 அங்குலத்துக்கு 34 மைலும் வருகின்றன. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் 14 அங்குலத்தை வாங்குகிறார்கள். ஆனால் பிட்ச் ஓர் அங்குலம் கூடும்போது இன்ஜினின் உச்சச் சுற்று ஏறக்குறைய 150 முதல் 200 வரை குறைகிறது என்பதை இந்தக் கணக்கு கண்டுகொள்வதே இல்லை. 12 அங்குலத்தில் சரியாக 4500 சுற்றைத் தொடும் மோட்டார், 14 அங்குலத்தில் 4150 சுற்றோடு நின்றுவிடும். அப்போது கணக்கு வேகமே 31 மைலாக இறங்கிவிடுகிறது. நழுவலையும் கழித்த பிறகு, ஐந்து மைல் ஆதாயம் என்று நம்பி வாங்கியவருக்கு ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். படகில் ஆள் கூடினால் அதுவும் இராது.

வேகத்தில் வரும் ஏமாற்றத்தோடு முடிந்துவிட்டால் 14 அங்குலத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. மூன்றாவது கியரில் மேடேறும் மோட்டார் சைக்கிளைப் போல, த்ராட்டில் முழுவதும் திறந்திருந்தும் சுற்று ஏற முடியாமல் இன்ஜின் திணறுகிறது என்பதுதான் உண்மையான சிக்கல். அந்த நிலையில் சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் கூடுகின்றன, கரி சேர்கிறது, எரிபொருள் நேரம் தவறி வெடிக்கத் தொடங்குகிறது, கடைசியில் பிஸ்டன் ஓட்டையாகலாம். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் இதை வெளியே அதிகம் காட்டிக்கொள்ளாது. சத்தம் தணிவாக, ஓட்டம் நிதானமாக இருப்பது போலவே தோன்றும். அறுபது ஆண்டு கடந்த இன்ஜினுக்குப் புதிய பிஸ்டனைத் தேடி அலைவதைவிட இரண்டு மைல் வேகத்தை விட்டுக்கொடுப்பது மேல் என்பது என் கருத்து. ஒருவர் மட்டும் ஏறும் மிக இலேசான பந்தயப் படகில், சுற்று 4500ஐத் தொடுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு 14 அங்குலத்தைப் போடலாம். மற்றவர்களுக்கு அது வேண்டாம்.

10 அங்குலத்தின் குணம் இதற்கு நேர் எதிரானது. படகு சட்டென்று மூக்கைத் தாழ்த்தி நீரின் மேல் எழுந்து ஓடும். ஐந்து பேர் ஏறினாலும், பின்னால் ஒருவரைச் சறுக்குப் பலகையில் இழுத்தாலும் இன்ஜின் சளைக்காது. ஆனால் ஒருவர் மட்டும் ஏறிக்கொண்டு த்ராட்டிலை முழுவதும் திறந்தால் சுற்று 4800ஐத் தாண்டிவிடும், பழைய பேரிங்குகளுக்கு அது நல்லதல்ல. இங்கே ஓர் ஆறுதல் உண்டு: சுற்று மிஞ்சினால் த்ராட்டிலைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம், கூடுதல் பிட்சால் திணறும் இன்ஜினுக்கு ஓட்டுநரால் அவ்வளவு எளிதாக உதவ முடியாது. ஆகவே இரண்டுக்கும் நடுவே ஐயம் வந்தால் குறைந்த பிட்சையே எடுக்க வேண்டும்.

இருவர் செல்லும் சாதாரண ஏரிப் பயணத்துக்கு 12 அங்குலம் போதும். அதை மாட்டிவிட்டு, ஆள் கூடும் நாட்களுக்காக 10 அங்குலத்தைப் படகிலேயே வைத்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இந்த மோட்டாரில் மாற்றுவதும் எளிது: முனையில் உள்ள பிளவு ஊசியைக் குறடால் உருவி, கூம்பைக் கழற்றி, தண்டின் குறுக்கே செருகியிருக்கும் பின்னைத் தட்டி எடுத்தால் புரொப்பெல்லர் கையோடு வந்துவிடும். கழற்றும்போது ஒரு பின் நீரில் விழுவது வழக்கமென்பதால், உபரியாக ஒன்று இருப்பது நல்லது.

இந்த ஒப்பீடு முழுவதும் சுற்றை அளப்பதில்தான் நிற்கிறது. பழைய மோட்டாரில் அளவுமானி இல்லாவிட்டால், ஸ்பார்க் பிளக் வயரின் மேல் சுற்றிவிடும் சிறிய டிஜிட்டல் மானி போதும். டூ ஸ்ட்ரோக் என்பதால் ஒரு சுற்றுக்கு ஒரு பொறி என்று அதில் அமைக்க வேண்டும், இல்லையேல் எண் பாதியாகவோ இரட்டிப்பாகவோ தெரியும். அளப்பதற்கு முன் இரண்டு சிலிண்டர்களிலும் கம்ப்ரெஷன் (உள்ளழுத்தம்) ஒத்திருக்கிறதா, பொறிக்கான மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்கள் விரிசல் விடாமல் இருக்கின்றனவா, பொறியின் நேரத்தைத் தீர்மானிக்கும் தொடுமுனைகளான பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஒரு சிலிண்டர் பாதி வேலை செய்யும் மோட்டாருக்கு எந்த பிட்சும் அதிகமாகத்தான் தெரியும். புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு படகின் அடிமட்டத்துக்கு ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். அது மிக உயரத்தில் இருந்தால் புரொப்பெல்லர் காற்றை இழுத்து வீணாகச் சுற்றும்.

உலோகத்தைப் பொறுத்தவரை பித்தளை நிறத்தில் மின்னும் வெண்கலப் புரொப்பெல்லர் அழகுதான், அதன் மெல்லிய இதழ்கள் நீரை நன்றாகவே வெட்டும். ஆனால் பாறையில் மோதினால் அலுமினிய இதழ் எளிதில் வளைந்து அடியைத் தாங்கிக்கொள்ளும். வெண்கலம் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது, அடியின் பெரும்பகுதி கியருக்குப் போகும். கியர் கிடைப்பது அரிதான மோட்டாருக்கு நான் அலுமினியத்தையே சொல்வேன்.

பழைய புரொப்பெல்லரை வாங்குபவர்கள் ஹப்பில், அதாவது நடுக்குடத்தில், பொறித்திருக்கும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச். ஆனால் பட்டறையில் இதழை நிமிர்த்தியிருந்தாலோ அதன் பின்விளிம்பைச் சற்று மடித்திருந்தாலோ 12 என்று பொறித்தது 13 போல நடந்துகொள்ளும். நடுவில் உள்ள ரப்பர் தளர்ந்திருந்தால் சுற்று எகிறும், வேகம் ஏறாது. பிட்ச் போதவில்லை என்று நினைத்துப் பலர் வீணாக இன்னொரு புரொப்பெல்லரை வாங்கிவிடுகிறார்கள். உள் உலோகக் குழாயிலிருந்து ரப்பரின் மேலாக வெளி உலோகம்வரை பெயிண்டால் ஒரு நேர்கோடு போட்டு, த்ராட்டிலை முழுவதும் திறந்து ஓட்டிவிட்டு வந்து பார்க்கலாம்: கோடு விலகியிருந்தால் ரப்பர்தான் நழுவுகிறது, புரொப்பெல்லர் பட்டறையில் புது ஹப் போட்டுவிடுவார்கள்.