சிங்கப்பூர் ரேஸ் டிக்கெட்டுக்கு 1,46,000 ரூபாய் வாங்கி ஏமாற்றிவிட்டார்கள், பெங்களூர் மக்களே உஷார்

பெங்களூரிலிருந்து சிங்கப்பூர் ஃபார்முலா ஒன் கார் ரேஸுக்குப் போக நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அப்பாவுக்கும் எனக்கும் இரண்டு டிக்கெட்டுக்கு 1,46,000 ரூபாய் கொடுத்தேன். ஃபிளைட், ரூம் எல்லாம் இதில் சேராது, அது தனிச் செலவு. கேட்டைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. கொண்டுபோன பெட்டியை இன்னும் பிரிக்கக்கூட இல்லை, அவ்வளவு ஆத்திரத்தில் இருக்கிறேன்.

அல்சூர் பக்கம் ஒரு மாடியில் இருக்கும் டிராவல்ஸ் ஆபீஸ் அது. ஸ்போர்ட்ஸ் டூர் ஏற்பாடு செய்கிறவர்கள். போலீஸ் புகார் ஓடிக்கொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை.

அப்பா ஜே.சி. ரோட்டில் காலமெல்லாம் வண்டி மெக்கானிக்காக இருந்தவர். சின்ன வயதில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த கார் ரேஸைப் பார்க்க ஆம்பூரிலிருந்து ரயில் ஏறிப் போனவர். 2005-ல் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியபோது ஒரு ரேஸ் விடாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். 2011 முதல் 2013 வரை நொய்டா பக்கம் புத் சர்க்யூட்டில் ஃபார்முலா ஒன் நடந்தபோது எங்களிடம் பணம் இல்லை. இப்போது நான் சம்பாதிக்கிறேன், கூட்டிப் போகலாம் என்றுதான் கிளம்பினேன்.

அந்த ஆபீஸில் இருந்தவர் நம்ம தமிழ் ஆள். காபி வரவழைத்தார். ஒரு பேப்பரை எடுத்து சிங்கப்பூர் ரேஸ் நடக்கும் மரீனா பே சர்க்யூட்டை வளைவு வளைவாகப் பேனாவால் வரைந்தார். ஒரு சுற்று சுமார் 4.9 கிலோமீட்டர், மொத்தம் 62 சுற்று, ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டார்ட், ஆண்டர்சன் பாலத்தைத் தாண்டியதும் ஊசி வளைவு என்று மடமடவென்று சொன்னார். ஃபார்முலா ஒன்னின் முதல் இரவு ரேஸ் 2008-ல் இங்கேதான் நடந்தது என்றார். அதே ரேஸில் தன் டீமைச் சேர்ந்த அலோன்சோ ஜெயிப்பதற்காக நெல்சன் பிக்கே ஜூனியர் வேண்டுமென்றே சுவரில் மோதிய விவகாரத்தை அப்பா எடுத்ததும், அதையும் அக்குவேறு ஆணிவேறாகப் பேசினார். விஷயம் தெரிந்த மனிதர் என்று அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"வாக்அபவுட் டிக்கெட் வேணாம்பா. நின்னுக்கிட்டே பாக்கணும், உங்க முட்டி தாங்காது. பதாங் ஸ்டாண்ட்ல சீட் போட்டுத் தர்றேன், செயின்ட் ஆண்ட்ரூஸ் ரோட்டுல கார் உங்க கண்ணு முன்னாடி பறக்கும். எனக்கு அப்பா இல்ல. நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லணும்."

இந்த வார்த்தைக்குத்தான் நாங்கள் பணம் கொடுத்தோம். பெற்றவரைச் சொல்லி ஏமாற்ற ஒரு மனுஷனுக்கு எப்படி மனசு வரும்?

கிரெடிட் கார்டு எடுக்க மாட்டோம், மெஷின் ரிப்பேர் என்றார். யுபிஐயில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் போகும் என்பதால் முதல் நாள் 1,00,000, மறுநாள் 46,000. போனது கம்பெனி அக்கவுண்டுக்கு இல்லை, ஒரு தனி ஆள் பெயருக்கு. கேட்டதற்கு, பார்ட்னர் அக்கவுண்ட் என்றார்.

வெள்ளிக்கிழமை சிங்கப்பூரில் இறங்கியதும் டிக்கெட் மொபைலுக்கு வரும் என்று பேச்சு. வெள்ளி முழுக்க வரவில்லை. "சர்வர் டவுன் மேடம்." பிறகு "சிங்கப்பூர் ஆள் டிராஃபிக்ல மாட்டிக்கிட்டார்." பிறகு போனையே எடுக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு க்யூஆர் ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப்பில் வந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினோம். கேட்டில் ஸ்கேன் செய்த பையன் தமிழ்ப் பையன்தான். மெஷினை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "அக்கா, இந்த ரெண்டுலயும் ஏற்கெனவே ஆள் உள்ள போயாச்சு. அதுவும் இது ஸ்டாண்ட் டிக்கெட்டே இல்ல, ஜோன் 4 வாக்அபவுட்."

சீட் என்று பணம் வாங்கி, நின்று பார்க்கிற டிக்கெட்டை, அதையும் வேறு யாருக்கோ விற்றுவிட்டு எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். புது டிக்கெட் கேட்டுப் பார்த்தோம், மீதி இருந்தவை எங்கள் கைக்கு எட்டாத விலை. ஞாயிறு ராத்திரி சிட்டி ஹால் ஸ்டேஷன் பக்கம் வேலி மறைப்புக்கு வெளியே நின்றோம். வெறும் சத்தம்தான். எந்த இடத்தில் கியர் இறக்குகிறான் என்று அப்பா சத்தத்தை வைத்தே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

திரும்பி வந்து நேரே ஆபீஸுக்குப் போனேன். அப்பா என்று கூப்பிட்ட அதே ஆள் இப்போது முகம் கொடுத்துப் பேசவில்லை. "நாங்க அனுப்பிட்டோம், ஸ்கேன் ஆகலன்னா ரேஸ் நடத்துறவங்களைக் கேளுங்க." பில்லைக் காட்டினால் அதில் டிக்கெட் என்ற வார்த்தையே இல்லை, 1,46,000 ரூபாய்க்கும் சர்வீஸ் சார்ஜ் என்று போட்டிருக்கிறார்கள். வெண்டரிடம் பணம் போய்விட்டது, வேண்டுமானால் பாலி டூரில் கழித்துக்கொள்ளுங்கள் என்கிறார். எனக்குப் பாலி வேண்டாம். என் 1,46,000 ரூபாய் வேண்டும்.

டிக்கெட் வாங்கும் முன் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. ரேஸ் நடத்துகிறவர்களின் சொந்த வெப்சைட்டில் வாங்குங்கள். ஏஜென்ட் மூலம்தான் என்றால் அவர்களுக்கு விற்க அனுமதி இருக்கிறதா என்று அந்த வெப்சைட்டிலேயே பாருங்கள். தனி ஆள் அக்கவுண்டுக்குப் பணம் போடவே போடாதீர்கள். பில்லில் ஸ்டாண்ட் பெயர், வரிசை, சீட் நம்பர் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் பண்ணுங்கள், நுகர்வோர் உதவிக்கு 1915. நுகர்வோர் கமிஷனில் 5 லட்சம் வரை வழக்குப் போடக் கட்டணம் கிடையாது, நான் போடப்போகிறேன்.

இதே ஆபீஸ் வாசலில் இப்போது மொனாக்கோ ஃபார்முலா ஒன் ரேஸுக்குப் பேக்கேஜ் என்று புது போர்டு தொங்குகிறது. "ரோஷே ஸ்டாண்ட்" என்று எழுதியிருக்கிறார்கள். ரோஷே என்பது ஸ்டாண்டே இல்லை, மொனாக்கோ அரண்மனைக்குக் கீழே இருக்கிற மலைச்சரிவு, அங்கே சீட்டே கிடையாது. வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு யாரும் அங்கே போய்விடாதீர்கள்.