வான்கோழி வேட்டையில் ஷாட்கன் உதை: 12 கேஜிலிருந்து 20 கேஜுக்கு மாறிய அனுபவம்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து ஓசார்க் மலைக்காடுகளில் பல வசந்தங்களாக வான்கோழி வேட்டைக்குப் போய்வருகிறேன். சுடும்போது துப்பாக்கி பின்னால் இடிக்கும் உதை தாங்க முடியவில்லை, தோளுக்கு எந்தப் பேட் (மெத்தை) போடலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: துப்பாக்கிக்குள் என்ன தோட்டா போடுகிறீர்கள்?

என் முதல் துப்பாக்கி 12 கேஜ் பம்ப். கேஜ் என்பது குழலின் அளவு, எண் குறைந்தால் குழல் பெரிது. பம்ப் என்றால் ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுவது. மூன்றரை அங்குலத் தோட்டா ஏற்கும், எடை 7 பவுண்டு. 2 அவுன்ஸ் ஈய ரவை (சிறு உருண்டைகள்) நொடிக்கு 1,200 அடி வேகத்தில் கிளம்பினால், அந்த எடைக்குத் தோளில் இறங்கும் உதை 60 அடி-பவுண்டு அளவுக்குப் போகும். மான் வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் முப்பது-நாட்-சிக்ஸ் ரைஃபிளில் அது 20 சொச்சம்தான். இத்தனைக்கும் அந்த மூன்றரை அங்குலத் தோட்டா வான்கோழிக்காக வந்ததே அல்ல. அமெரிக்காவில் வாத்து வேட்டைக்கு ஈய ரவையைத் தடை செய்துகொண்டிருந்த காலம் அது. எஃகு ரவை எடை குறைவு, அதை நிறைய அடைக்க நீளமான தோட்டா வேண்டும் என்பதற்காக 1988இல் கொண்டுவந்தார்கள். வான்கோழிக்காரர்கள் அதைப் பிறகு எடுத்துக்கொண்டார்கள்.

சேவல், அதாவது ஆண் வான்கோழி, கழுத்தை நீட்டி எதிரே நிற்கும்போது சுட்டால் உதை உறைக்கவே உறைக்காது. வலியெல்லாம் சீசனுக்கு முன்பு பேட்டர்ன், அதாவது ரவை எப்படிச் சிதறி விழுகிறது என்று பார்க்கும் நாளில்தான். 40 கெஜத்தில் காகிதம் வைத்து, 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவையாவது விழுகிறதா என்று பார்ப்பது இங்கே வழக்கம். மேசையில் குனிந்து உட்கார்ந்து சுடும்போது உடம்பு பின்னால் போக வழியில்லை. முழு உதையையும் தோள் வாங்கிக்கொள்ளும். அன்றைக்குப் பிடிக்கும் பயம் காட்டுக்கும் கூடவே வரும். புதிதாக என்னோடு வருகிறவர்களுக்கு, சுடுதளத்தில் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவையும் சேர்த்துப் போட்டுக் கொடுப்பேன். விசையை இழுப்பார்கள், 'டிக்' என்று சத்தம் மட்டும் வரும். ஆனால் குழலின் முனை சட்டென்று கீழே இறங்கியிருக்கும், கண் இறுக மூடியிருக்கும். வான்கோழியில் நாம் குறிபார்ப்பது தலையும் கழுத்தெலும்பும் மட்டுமே. அந்த ஒரு நடுக்கம் போதும், பறவை காயத்தோடு ஓடிப் புதருக்குள் கிடந்து சாக. உதையை நான் இவ்வளவு பெரிய விஷயமாகப் பேசுவது அதனால்தான்.

இப்போது நான் தூக்குவது 20 கேஜ், சுடும்போது உண்டாகும் வாயுவால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோ. தோட்டா மூன்று அங்குல டிஎஸ்எஸ், அதாவது டங்ஸ்டன் ரவை. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11 கிராம், இதற்கு 18. அதனால் 9ஆம் எண் பொடி ரவையே (எண் கூடக்கூட ரவை சிறிது) 5ஆம் எண் ஈயம் போல ஊடுருவும். ஒன்றரை அவுன்ஸில் 540 ரவை அடங்குகிறது. அந்தப் பழைய 2 அவுன்ஸ் ஈயத் தோட்டாவில் 5ஆம் எண் ரவை 340தான். உதையோ ஏறக்குறைய பாதி. 2018இல் ஃபெடரல் நிறுவனம் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கிய பிறகுதான் இது சாதாரணமாகக் கடைகளில் கிடைக்க ஆரம்பித்தது. குறை என்றால் விலை. ஒரு தோட்டா 10 டாலருக்கு மேல். ஆகவே பயிற்சியெல்லாம் களிமண் தட்டு சுடும் மலிவுத் தோட்டாவில். குறி சரிபார்க்க மட்டும் டிஎஸ்எஸ்.

அடுத்தது கட்டையின், அதாவது துப்பாக்கியைத் தோளில் வைக்கும் பின்பகுதியின் நீளம். கடையில் வரும் துப்பாக்கிகளில் விசையிலிருந்து கட்டையின் முடிவு வரை 14 அங்குலத்துக்கு மேல் இருக்கும். என்னைப் போன்ற குள்ளமானவர்களுக்கு அது கைக்குள் அடங்காமல், கட்டை தோள்குழியில் உட்காராமல் புஜத்துக்கு நழுவும். ஒரு அங்குலம் குறைத்த பிறகு எனக்குக் கிடைத்த நிம்மதியை எந்தப் பேடும் தந்ததில்லை. கன்னத்தில் அறை விழுகிறது என்பவர்களும் முதலில் கட்டையைத்தான் பார்க்க வேண்டும். ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் ரெட் டாட் போட்டதும் நல்லதாயிற்று. கண்ணைக் கண்ணாடிக்குக் கிட்டே வைக்கத் தேவையில்லை, புருவம் தப்பும்.

மரத்தடியில் உட்காரும்போது முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம். ஆனால் சுடும் பக்கத் தோள்பட்டை மரத்தில் ஒட்டியிருக்கக் கூடாது. வலக்கைக்காரர் என்றால் இடது தோள் பறவை வரும் திசையைப் பார்க்கட்டும். இடது முழங்காலை மடக்கி அதன்மேல் துப்பாக்கியை வைத்து, சற்றே முன்னால் சாய வேண்டும். உதை வரும்போது தோள் பின்னால் போக ஓர் உள்ளங்கை அகலம் இடம் இருந்தால் போதும், வலி வெகுவாகக் குறையும்.

பேட்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கட்டையின் முனையில் மாட்டும் மெத்தென்ற ரப்பர் பேட் நிச்சயம் உதவும். ஆனால் நான் வைத்திருந்த ஒன்று சில கோடைகளில் பிசுபிசுத்து, உறையின் துணியைப் பிடித்துக்கொண்டது. வருடத்துக்கு ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள். சட்டைக்குள் போடும் தோள்கவசம் பேட்டர்ன் நாளுக்கு அருமையானது. அன்றைக்குக் காதிலும் நுரை அடைப்பான், மேலே காதை மூடும் மஃப் என்று இரண்டும் போடுங்கள், சத்தத்துக்குப் பயந்துதான் பாதிப் பேர் கண்ணை மூடுகிறார்கள். துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கும் ஸ்லெட் என்ற தாங்கி தோளைக் காப்பாற்றும். ஆனால் அந்த விசை கட்டைமேல் இறங்குவதால் கட்டை விரிசல் விடலாம். கட்டைக்குள் எடை சேர்ப்பதும் பலிக்கும், ஓசார்க் மேடுகளில் தூக்கி நடக்கத் தயாராக இருந்தால். ரெட் டாட் திருகுகள் உதையில் தளரும். திருகின் தலையிலிருந்து மவுண்டுவரை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு வைத்தால் கோடு விலகியதும் தெரிந்துவிடும். வாயு செமி ஆட்டோவுக்குக் கரி படியும், சீசனுக்கு முன்பு கழற்றித் துடைத்தே ஆக வேண்டும்.

12 கேஜ் மட்டுமே இருக்கிறது என்பவர்கள் இதற்காகப் புதுத் துப்பாக்கி வாங்க வேண்டியதில்லை. இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவில் ஒன்றேகால் அவுன்ஸோ ஒன்றரை அவுன்ஸோ போட்டு, சேவலை 30 கெஜத்துக்குள் கூப்பிட்டு வரவழைத்துச் சுடுங்கள்.