இறக்குமதி டெக்ஸ்டர் பொலிகாளைக்கு முடிவேர் டிஎன்ஏ பரிசோதனை: யுசி டேவிஸ் ஆய்வகச் சேவை ஒரு மதிப்பீடு

டெக்ஸ்டர் என்ற மாட்டினத்தின் பொலிகாளையையோ அதன் உறைவிந்தையோ வெளிநாட்டிலிருந்து வாங்குபவர் கைக்கு இரண்டு தாள்கள் வந்து சேரும். ஒன்று வம்சாவளிச் சான்று, மற்றது மரபணு அறிக்கை. கலிபோர்னியாவில் உள்ள யுசி டேவிஸ் பல்கலைக்கழகத்தின் கால்நடை மரபியல் ஆய்வகம் இந்த இனத்துக்கு வேண்டிய சோதனைகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்து தருகிறது: குட்டைக்கால் குறைபாடு, பிஎச்ஏ (கன்றின் நுரையீரல் வளராத மரபுக் கோளாறு), நிறம், கொம்பு, பால் புரதம், பெற்றோர் சரிபார்ப்பு. எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சோதனையை நம்பலாம். பிழை வருவது காளையின் வாலுக்கும் தபால் உறைக்கும் இடையில்தான். இல்லாவிட்டால் இரண்டு நாட்டுப் பதிவேடுகளுக்கு இடையில். அந்த இரண்டையும் ஆய்வகம் சரிசெய்து தராது. வாங்குபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிடி1, பிடி2: இரண்டையும் தனித்தனியாகக் காட்டுகிறார்களா?

டெக்ஸ்டர் அயர்லாந்தின் தென்மேற்கில் உருவான சிறிய இனம். குட்டைக் கால் மாடும் நீளக் கால் மாடும் ஒரே மந்தையில் இருக்கும். குட்டைக் காலைத் தரும் ஜீன் ஒரு பிரதி இருந்தால் கால் குட்டையாகும், அவ்வளவுதான். தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதி சேர்ந்துவிட்டால் கன்று பிழைக்காது. புல்டாக் கன்று என்பார்கள்: முகம் சப்பி, நாக்கு துருத்தி, கால்கள் வெறும் முளையாக, வயிற்றுச் சுவர் மூடாமல் கிடக்கும். பெரும்பாலும் சினையின் ஏழாம் மாத வாக்கில் பசு அதை வீசிவிடும்.

ஏசிஏஎன் என்ற ஜீனில் உள்ள இரண்டு வெவ்வேறு பிறழ்வுகள்தான் இதற்குக் காரணம் என்று 2007-ல் கண்டறிந்தார்கள். பிடி1 என்பது ஜீனுக்குள் நான்கு டிஎன்ஏ எழுத்துகள் கூடுதலாக நுழைந்த பிறழ்வு. பரவலாகக் கிடைப்பது இதுதான். பிடி2 ஜீனின் முன்பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வந்தது. டேவிஸ் அறிக்கை இரண்டையும் பிரித்தே எழுதுகிறது: என்/என் என்றால் இரண்டும் இல்லை, என்/பிடி1 அல்லது என்/பிடி2 என்றால் கடத்தி, அதாவது பிறழ்வின் ஒரு பிரதியைச் சுமக்கும் மாடு. இந்தச் சேவையில் எங்களுக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுவே. பிடி1-க்கு மட்டும் சோதித்து வெறுமனே 'கடத்தி அல்ல' என்று எழுதிய தாளை விற்பவர் நீட்டினால் அது பாதி வேலைதான். பிடி1 கடத்தியான பசுவைப் பிடி2 கடத்தியான காளையோடு சேர்த்தாலும் புல்டாக் கன்று வரும். இரண்டும் ஒரே ஜீன்.

கால் உயரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பவர்கள் உண்டு. பிடி1 விஷயத்தில் கண் பழகியவர் பல நேரம் சரியாகச் சொல்வார். பிடி2 கடத்திகள் அப்படிப் பளிச்சென்று குட்டையாகத் தெரிய வேண்டியதில்லை. அதோடு, இறக்குமதிக் காளையைப் பெரும்பாலோர் நேரில் பார்ப்பதே இல்லை. புகைப்படத்தில் புல் மறைத்த கால்களைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள்.

கணக்கு எளிது. 40 பசுக்கள் உள்ள மந்தையில் 20 கடத்திகள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே சினை பிடித்தால், கடத்திக் காளையைப் போட்டதும் அந்த 20 பசுக்களில் சராசரியாக 5 கன்றுகள் போய்விடும். மீதி 20 பசுக்களுக்கு ஆபத்தில்லை, பிறப்பதில் பாதி குட்டைக்கால். என்/என் காளையைப் போட்டால் மந்தையில் ஒரு புல்டாக் கன்றுகூட வராது, ஆனாலும் கடத்திப் பசுக்களிடம் பிறப்பவற்றில் பாதி குட்டைக்காலாகவே இருக்கும். ஆகவே குட்டைக்கால் மாடு பிடிக்கும் என்பவரும் கடத்திக் காளையை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. காளைப் பக்கம் சுத்தமாக இருந்தால் போதும்.

பிஎச்ஏ பற்றிச் சுருக்கமாக. இது பின்னடைவு மரபு. கடத்தியிடம் வெளியே எந்த அடையாளமும் இருக்காது. இரண்டு கடத்திகள் சேர்ந்தால் நான்கில் ஒரு கன்றுக்கு நுரையீரல் வளராமல், உடல் முழுக்க நீர் கோத்துப் பருத்துவிடும். கன்று எப்படியும் பிழைக்காது. அந்தப் பருமனால் ஈனும்போது தாய்ப்பசுவின் உயிருக்கும் ஆபத்து, சில நேரம் அறுவை செய்தே எடுக்க வேண்டி வரும். எங்கள் பட்டியலில் பிடி1, பிடி2, பிஎச்ஏ மூன்றும் கட்டாயம். மற்றவை விருப்பம்.

'பெற்றோர் சுத்தம்' என்ற வாதம்

பெற்றோர் இரண்டும் என்/என், அதனால் மகனைச் சோதிக்கத் தேவையில்லை என்று விற்பவர்கள் சொல்வார்கள். மரபியலில் இந்த வாதம் சரி, ஆனால் அந்தப் பெற்றோர்தான் உண்மையான பெற்றோர் என்று நிரூபித்திருந்தால் மட்டும். தந்தை சரிபார்ப்பு நடக்காத கோப்பில் இந்த வாதத்துக்கு மதிப்பில்லை. வேலி தாண்டிய ஓர் இளங்காளை போதும், தாளில் உள்ள வம்சாவளி கதையாகிவிட. சோதனைச் செலவு மிச்சம் என்பதற்காக இதை ஒருவரும் ஏற்க வேண்டாம். பொலிகாளையின் பெயரிலேயே அறிக்கை இருக்க வேண்டும்.

மாதிரி எடுப்பது: இங்கேதான் கெடுகிறது

வால் குஞ்சத்திலிருந்து 20 முதல் 30 முடி. வேரோடு பிடுங்க வேண்டும், கத்தரிக்கக் கூடாது. டிஎன்ஏ கிடைப்பது வேர்க் குமிழிலிருந்துதான். முடித் தண்டினால் இந்தச் சோதனைகளுக்குப் பயனில்லை. விரலில் இரண்டு சுற்று சுற்றி, தோலை ஒட்டிப் பிடித்து, மேல் நோக்கி வெடுக்கென்று இழுத்தால் குமிழோடு வரும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: நுனியில் வெளிறிய சின்ன மொட்டு தெரிய வேண்டும். பத்துக்கு ஆறு முடியில்கூட மொட்டு தெரியாவிட்டால் மறுபடி பிடுங்குவதே நல்லது. கன்றின் முடி மெல்லியது, குமிழும் சிறியது. அதற்கு எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

சாணம் ஒட்டிய குஞ்சத்தை முதலில் துடைத்து, காய்ந்த பிறகு எடுங்கள். ஒரு மாட்டுக்கும் அடுத்த மாட்டுக்கும் இடையில் கையைத் துடையுங்கள், கையுறை என்றால் மாற்றுங்கள். முடியைப் படிவத்தில் ஒட்டும்போது வேரெல்லாம் ஒரே பக்கம் இருக்கட்டும். காகித உறையே சரி. ஈர முடியை பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினால் பூஞ்சை பிடித்து மாதிரி வீணாகும்.

ரத்தம் ஏன் வேண்டாம் என்று கேட்பவர்களுக்கு: இரட்டைக் கன்றுகளின் நஞ்சுக்கொடி ரத்தக் குழாய்கள் பெரும்பாலும் கருவிலேயே இணைந்துவிடும். பிறந்த பிறகும் ஒன்றின் ரத்த அணுக்கள் மற்றதில் வாழும். காளையோடு பிறந்த கிடேரி மலடாவதும் இந்த இணைப்பால்தான். இரட்டையாகப் பிறந்த பொலிகாளையின் ரத்தத்தைச் சோதித்தால் இரண்டு மாடுகளின் டிஎன்ஏ கலந்து வரலாம், அறிக்கை குழம்பும். முடிவேரில் இந்தத் தொல்லை குறைவு. காளை இரட்டையில் ஒன்றா என்பதைப் படிவத்தில் எழுதுவது அதனால்தான் முக்கியம்.

உறைவிந்து மட்டும் வாங்குபவர் ஒரு குச்சியை (விந்தை அடைத்து உறையவைத்த மெல்லிய குழல்) தியாகம் செய்யத் தயாராக இருக்க வேண்டும். விந்தணுவின் தலையில் டிஎன்ஏவைக் கட்டியிருக்கும் புரதம் கந்தகப் பிணைப்புகளால் இறுகியது, அதை உடைக்கத் தனி வேதிப்பொருள் சேர்க்க வேண்டும். மாதிரி விந்து என்பதை முன்கூட்டியே ஆய்வகத்துக்குச் சொல்லுங்கள். குச்சியின் மேல் அச்சடித்த காளைப் பெயர், பதிவு எண், சேகரித்த தேதி, நிலையக் குறியீடு நான்கையும் வம்சாவளிச் சான்றோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிட்டே வெட்டுங்கள்.

அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாட்டு முடியும் கால்நடைப் பொருள்தான். எல்லை தாண்டும்போது பெறும் நாட்டின் கால்நடைத் துறை விதிகள் பொருந்தும். என்ன அனுமதித் தாள் வேண்டும் என்று ஆய்வகத்திடம் கேட்டு, அதை வாங்கிய பிறகே தபாலில் சேருங்கள்.

பெற்றோர் சரிபார்ப்பு: எந்த மொழியில் கோப்பு?

எங்களுக்குக் குறையாகப் படுவது இந்தப் பகுதி. குறை ஆய்வகத்துடையது அல்ல, துறை முழுக்க இருக்கும் சிக்கல். மாட்டின் டிஎன்ஏ சுவடு, அதாவது அதை அடையாளம் காட்டும் குறிகளின் தொகுப்பு, இரண்டு வகையில் பதிவாகிறது. பழையது மைக்ரோசேட்டலைட் (திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ துண்டின் நீளத்தைப் பார்ப்பது), புதியது எஸ்என்பி (ஒற்றை எழுத்து வேறுபாடுகளைப் பார்ப்பது). விலங்கு மரபியலுக்கான உலக அமைப்பான இசாக் மாடுகளுக்கு 12 மைக்ரோசேட்டலைட் குறிகளையும், இன்னொரு பக்கம் 200 எஸ்என்பி குறிகளையும் பரிந்துரைக்கிறது. ஒரு வகையில் எடுத்த சுவடை மற்ற வகையோடு நேரடியாக ஒப்பிட முடியாது.

காளையின் தந்தைக்கு மைக்ரோசேட்டலைட் கோப்புதான் இருக்கிறது, தந்தையோ இறந்துவிட்டது. காளைக்கு எஸ்என்பி மட்டும் எடுத்தால் இரண்டு நல்ல அறிக்கைகள் கையில் இருந்தும் தந்தை உறுதியாகாது, பதிவும் நிற்கும். இதற்கு வழி, வாங்கும் முன்பே உங்கள் பதிவேட்டுச் சங்கத்திடம் 'எந்த வகைச் சுவடை ஏற்கிறீர்கள், எந்த ஆய்வகத்திலிருந்து' என்று எழுத்தில் கேட்டு வாங்குவது. தேவைப்பட்டால் அதே மாதிரியில் இரண்டு வகையும் எடுக்கலாம். தந்தையின் விந்துக் குச்சி எங்காவது மிஞ்சியிருந்தால் அதைப் புது வகையில் சோதித்துவிடலாம்.

அறிக்கையின் வாசகத்தையும் பொறுமையாகப் படிக்க வேண்டும். 'தந்தையாக இருக்கத் தகுதி பெறுகிறது' என்றால் விலக்க முடியவில்லை என்று பொருள். 'இதுதான் தந்தை' என்று அர்த்தமில்லை. டெக்ஸ்டர் போன்ற சிறிய இனத்தில் அண்ணன் தம்பிக் காளைகள் ஒரே மந்தையில் ஓடுவது சகஜம். 12 குறிகள் மட்டும் உள்ள சோதனையில் இரண்டுமே தகுதி பெறலாம். அதனால் அந்தப் பருவத்தில் பசுக்களோடு இருந்த எல்லாக் காளைகளையும், ஒரு வயது ஆகாத ஆண் கன்றுகள் உட்பட, பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். தாயின் சுவடும் இருந்தால் விலக்கும் திறன் நன்றாகக் கூடும். செயற்கைக் கருவூட்டலுக்குப் பின் மூன்று வாரத்தில் மந்தைக் காளையையும் விட்டிருந்தால், கன்று பிறந்த தேதியை மட்டும் வைத்துத் தந்தையைத் தீர்மானிப்பது ஆபத்து. கரு மாற்றத்தில் பிறந்ததென்றால் தாய் என்ற இடத்தில் கரு கொடுத்த பசு வர வேண்டும். சுமந்த பசுவின் எண்ணை எழுதிவிட்டு, 'தாய் பொருந்தவில்லை' என்று வந்ததும் ஆய்வகத்தைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

பெற்றோர் பொருந்துவது வேறு, இனத் தூய்மை வேறு. முதல் டெக்ஸ்டர் மந்தைப் பதிவேட்டை 1890-ல் ராயல் டப்ளின் சொசைட்டி திறந்தது. அதன் பிறகு நாட்டுக்கு நாடு விதி பிரிந்துபோனது. பிரிட்டனில் கலப்பிலிருந்து தலைமுறை தலைமுறையாக உயர்த்திப் பதிவேட்டுக்குள் சேர்க்கும் முறை இருந்திருக்கிறது. சில சங்கங்கள் அப்படி வந்த வரிசையை ஏற்பதில்லை. பெற்றோர் சோதனை இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. வம்சாவளிச் சான்றில் துணைப் பதிவேட்டுக் குறி (கலப்பிலிருந்து உயர்த்திய வரிசை என்பதற்கான அடையாளம்) எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று கடைசித் தலைமுறை வரை பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும் காளை என்றால், 2018 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள 2016/1012 விதியின்படி இனவிருத்திச் சான்று கூடவே போக வேண்டும். உறைவிந்துக்கும் இதே விதிதான். அமெரிக்க டெக்ஸ்டர் சங்கம் காளையைப் பதிய டிஎன்ஏ சுவடு கேட்கிறது.

நிறம், கொம்பு, ஏ2

நிறச் சோதனையை விற்பனை விலைக்காக மட்டும் எடுக்கலாம். டன் எனப்படும் பழுப்பு பின்னடைவு நிறம், அதற்கான ஜீன் 2003-ல் தெரியவந்தது. கருப்புக் காளை டன்னையும் சிவப்பையும் உள்ளே சுமக்கலாம். இரண்டும் வேறு வேறு ஜீன் என்பதால் ஒன்றைச் சோதித்து மற்றதை ஊகிக்க முடியாது. சிவப்பு மாட்டில் டன் இருந்தாலும் வெளியே தெரியாது.

கொம்புச் சோதனைக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு. சிறு வயதில் கொம்பு சுட்ட காளையும் இயற்கையாகக் கொம்பில்லாத காளையும் புகைப்படத்தில் ஒன்றுபோலத் தெரியும். கொம்பின்மை ஓங்கு மரபு: இரண்டு பிரதி உள்ள காளை எல்லாக் கன்றுக்கும் அதைக் கொடுக்கும், ஒரு பிரதி உள்ளது பாதிக்குத்தான் கொடுக்கும். 'கொம்பில்லாத காளை' என்று கூடுதல் விலை கேட்டால் எத்தனை பிரதி என்று கேளுங்கள்.

ஏ2 பீட்டா கேசீன் (பால் புரதத்தின் ஒரு வகை) சோதனை பால் விற்பவருக்கு மட்டும்.

வந்து இறங்கியதும்

தனிமைப்படுத்தும் கொட்டிலில் இருக்கும்போதே, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத கால்நடை மருத்துவரைக் கொண்டு இரண்டாவது முடி மாதிரி எடுக்கச் செய்யுங்கள். காது வில்லை எண்ணும் பிடுங்கிய முடியும் ஒரே படத்தில் தெரியும்படி புகைப்படம் வேண்டும். இந்தச் சுவடு ஏற்றுமதி நாட்டுச் சுவடோடு குறிக்குக் குறி பொருந்த வேண்டும். அது பொருந்திய பிறகே கடைசித் தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் அதே வரியில் எழுதிக்கொள்ளுங்கள்; மாடு கப்பல் ஏறிய பின் பேச ஆரம்பித்தால் விற்பவர் பிடி கொடுக்க மாட்டார். பிவிடி (மாட்டு வைரஸ் வயிற்றுப்போக்கு) போன்ற நோய்ச் சோதனைகள் இந்தச் சேவைக்குள் வராது, அவற்றுக்குத் தனி மாதிரி, தனிச் சான்று. இரண்டாவது மாதிரியில் ஒரு பிடி முடியைக் காகித உறையில், பெயரும் தேதியும் எழுதி, உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள். நாளை பதிவேடு சோதனை வகையை மாற்றினால், காளை உயிரோடு இல்லாவிட்டாலும் அதன் மகன்களைப் பதிய அது போதும்.