பெட்டியிலேயே நான்கு மாதம், மேசையில் மூன்று வருடம்: என் குவில்டிங் மெஷின்

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவில் எங்கள் வீட்டு முன்னறை ஜன்னலோரம் இரண்டு தையல் மெஷின்கள் இருக்கின்றன. ஒன்று அம்மாயி காலத்துக் கறுப்பு சிங்கர், காலால் மிதிப்பது. மற்றது குவில்ட், அதாவது நடுவில் பஞ்சு வைத்த போர்வை, தைப்பதற்கென்றே சீட்டுக் காசில் வாங்கிய கம்ப்யூட்டர் மெஷின். அந்த இரண்டாவதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். கம்பனிப் பெயரைச் சொல்லவில்லை. வீட்டு உபயோகத்துக்கு வரும் இந்த அளவு மெஷின்கள் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் வேலை செய்கின்றன.

வாங்கி நான்கு மாதம் பெட்டியைத் திறக்கவில்லை. பயம்தான் காரணம். கால் மெஷின் என் கால் நின்றால் நின்றுவிடும். கரண்ட் மெஷின் அப்படியில்லை என்பது என் மனதில் பதிந்து போயிருந்தது. கல்யாணத்துக்கு முன் கார்மென்ட்டில் வேலை செய்தபோது, பக்கத்து மெஷினில் இருந்த பிள்ளையின் நகத்துக்குள் ஊசி இறங்கியதைப் பார்த்தவள் நான். இன்னொன்று, 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போனபோது எங்கள் அடுப்பை எரியவைத்தது அந்தப் பழைய சிங்கர். கரண்டை நம்பி இவ்வளவு காசைப் போட்டுவிட்டோமே என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

அந்த வருடம் ஆயுத பூசைக்குப் பெட்டிக்கே பொட்டு வைத்தோம். அதைப் பார்த்துவிட்டு மாமி சொன்னார்: "ஓடுற மெஷினுக்குத்தான் புள்ள பொட்டு வைக்கணும். நாளைக்கு எடுத்து வை, நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்." சொன்னபடி தேத்தண்ணியோடு வந்து உட்கார்ந்தார். அவர் மட்டும் வராதிருந்தால் இன்னும் எத்தனை மாதம் போயிருக்குமோ.

முதல் நாள் நூலே கோக்கவில்லை. மகளின் பழைய கொப்பியில் கோடு போட்ட தாள்களைக் கிழித்து, வெறும் ஊசியால் அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டினேன். என் மெஷினில் பெடலைக் கழற்றிவிட்டால் முன்னால் இருக்கும் பட்டனை அழுத்தி ஓட்டலாம், அழுத்தி நிறுத்தலாம். மேலே வேகத்துக்கு ஒரு தள்ளுபொத்தான் உண்டு. அதை ஆகக் குறைந்த இடத்தில் வைத்தால் ஊசி ஒவ்வொரு குத்தாக, எண்ணும்படி இறங்குகிறது. இது ஓடிப்போகாது, நான் விட்ட வேகத்துக்கு மேல் போகாது என்பதைக் கை தானாகவே தெரிந்துகொள்ள ஒரு வாரம் எடுத்தது. (தாளில் ஓட்டிய ஊசி மொட்டையாகிவிடும். அதைத் துணிக்குப் பாவிக்க வேண்டாம்.)

அடுத்த சிக்கல் நூல். இரண்டு அங்குலம் தைப்பதற்குள் துணிக்கு அடியில் குருவிக்கூடு மாதிரி நூல் சுருண்டு கிடக்கும். அடியில் சுருள்வதால் அடி நூல் சுற்றிய பொபினில்தான் பிழை என்று நினைத்து மூன்று நாள் பொபினையே கழற்றி மாட்டினேன். பிழை மேல் நூலில் இருந்தது. துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் மேல் நூலைக் கோக்க வேண்டும். அப்போதுதான் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் திறந்து அதை உள்ளே வாங்கும். பாதத்தை இறக்கிவிட்டுக் கோத்தால் நூல் தட்டுகளுக்கு வெளியிலேயே நிற்கும், இழுவை இருக்காது. இதை விளங்கிக்கொண்ட பிறகு பாதிப் பயம் போய்விட்டது. மெஷின் கோபித்துக்கொண்டு சுருட்டவில்லை, ஒரு காரணத்தோடுதான் சுருட்டுகிறது என்று தெரிந்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

குவில்டுக்கு மேல் துணி, நடுவில் பஞ்சு, கீழ்த் துணி என்று மூன்று அடுக்கு. சாதாரண பாதத்தில் தைத்தால் கீழே உள்ள பல் அடித் துணியை மட்டும் இழுக்கும். மேல் துணி பின்தங்கிச் சுருங்கும். வாக்கிங் ஃபுட் என்கிற பாதத்தில், துணியை மேலிருந்து பிடிக்கவும் பல் இருக்கிறது. அதன் கையை ஊசித் திருகின் மேல் உட்காரவைக்க வேண்டும், ஊசி ஏறி இறங்கும்போது அதுவும் சேர்ந்து மேல் துணியை நகர்த்தும். நேர்கோட்டுத் தையலுக்கு இது ஒன்றே போதும். 90/14 அளவு ஊசியும், ஒரு கை அகலத்துக்கு ஒன்றாகக் குத்திய சேஃப்டி பின்னும் இருந்தால் அடுக்கு அசையாது.

கைபோன போக்கில் தைக்கும் ஃப்ரீ மோஷன்தான் என்னை நிறைய நாள் தள்ளிப்போட வைத்தது. பல்லை இறக்கிவிட்டு, அதற்கான பாதத்தை மாட்டி, துணியை நம் கையால் நகர்த்த வேண்டும். தையலின் நீளம் மெஷினில் இல்லை, கையின் வேகத்துக்கும் ஊசியின் வேகத்துக்கும் உள்ள பொருத்தத்தில் இருக்கிறது. கை மெதுவாகப் போனால் புள்ளி புள்ளியாக நெருங்கும், அவசரப்பட்டால் கால் விரல் மாட்டுகிற அளவு நீளும். எனக்குக் கைகொடுத்தது கோலம். வாசலில் தரை நிற்கும், கை போகும். இங்கே மாவுக்குப் பதில் ஊசி ஓரிடத்தில் நிற்கிறது, தரைக்குப் பதில் துணி நகர்கிறது. அப்படி நினைத்துக்கொண்டு சிக்குக் கோலத்தின் வளைவுகளைக் கழிவுத் துணியில் தினமும் பத்து நிமிடம் போட்டேன். இரண்டு மாதத்தில் வளைவு உருண்டது.

மூன்று வருடத்தில் தெரிந்த குறைகளையும் சொல்ல வேண்டும். ஊசிக்கும் மெஷினின் உடம்புக்கும் இடையில் உள்ள இடம் ஆறு அங்குலம் சொச்சம்தான். தொட்டில் போர்வை சுகமாகப் போகும். பெரிய கட்டில் போர்வையை இறுக்கச் சுருட்டித் திணிக்க வேண்டும், அதன் பாரம் இழுத்து ஊசி முறியும். மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இடப்பக்கம் இஸ்திரிப் பலகையை அதே உயரத்துக்கு வைத்த பிறகுதான் ஊசி முறிவது நின்றது.

அப்புறம் எங்கள் ஊர் ஈரம். வைகாசியில் மழை பிடித்தால் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் பக்கமிருந்து வரும் மூடுபனி வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. கூட்டிலேயே இருக்கும் புது ஊசியிலும் துரு விழுகிறது. ஊசிகளைப் பால்மா டின்னுக்குள், பச்சரிசி முடிந்த துணியோடு வைக்கிறேன். பஞ்சிலிருந்து உதிரும் தூசி ஊசித் தகட்டுக்குக் கீழே ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகும். வாயால் ஊதினால் ஈரம் இன்னும் கூடும், தூரிகையால் எடுப்பதே நல்லது. பழைய சிங்கருக்கு விடுவது போல இதற்கும் எண்ணெய் விடப் போனேன். புத்தகத்தைப் படித்ததும் கையை எடுத்துவிட்டேன், என் மாடலுக்கு எண்ணெய் கூடாது.

இரண்டாவது வருடம் சித்திரை மாத இடியில் மெஷினுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்ட் எரிந்து போய்விட்டது. பிளக்கைக் கழற்றாமல் விட்டது என் தவறு. திருத்திக் கொடுக்கக் கடைக்காரர்கள் எடுத்த இரண்டு மாதமும், கேட்ட காசும் எனக்கு நியாயமாகப் படவில்லை. திரும்பி வந்த நாளில் பழைய பயம் மறுபடி எட்டிப் பார்த்தது. ஆனால் இம்முறை ஒரே ஒரு கொப்பித் தாளோடு போய்விட்டது. இப்போது மத்தியானம் மேகம் கறுத்தாலே பிளக் வெளியே.

சிவனொளிபாத மலை யாத்திரை சீசன் நடக்கும் மார்கழி முதல் வைகாசி வரை சிறு போர்வைகள் நன்றாக விற்றுப் போகின்றன. அந்த வேலைக்கு இந்த மெஷினை நம்பி வாங்கலாம். கட்டில் போர்வை மட்டுமே தைக்க நினைப்பவர்கள் இடம் அகலமான மெஷினுக்குக் காசு சேருங்கள். கடையில் ஒற்றைத் துணியில் ஓட்டிக் காட்டுவார்கள், அதில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் ஓடும். நீங்கள் தைக்கப்போகும் மூன்று அடுக்கைப் பின் குத்தி வீட்டிலிருந்தே கொண்டு போய், உங்கள் கையாலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.