உப்புக்காற்றில் டெஸ்லா காயில்: ஸ்பார்க் கேப்பா, மாஸ்ஃபெட்டா?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் எங்கள் வீட்டுக்கும் தென்கடலுக்கும் நடுவில் நாலு தென்னையும் ஒரு மணல்மேடும்தான். பின்பக்கக் கொட்டகையில் இதுவரை இரண்டு டெஸ்லா காயில் செய்து ஓட்டியிருக்கிறேன். கம்பிச் சுருளில் வோல்ட்டை மிக உயரத்துக்கு ஏற்றி, காற்றில் மின்னல் போலக் கீற்று பாயவிடும் கருவி அது. முதலில் செய்த ஸ்பார்க் கேப் (பொறி பாயும் இடைவெளி) வகை இரண்டு வருடம் ஓடியது. இப்போது இருப்பது மாஸ்ஃபெட் (மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) வகை. பாலிடெக்னிக் படிக்கும் தம்பிகள் வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, நாங்க எதைச் செய்யலாம்?" என்று கேட்கிறார்கள். கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்வது மாஸ்ஃபெட்தான்.

இரண்டுக்கும் செகண்டரி, அதாவது கீற்றை விடும் உயரமான சுருள், ஒன்றேதான். 110 மில்லிமீட்டர் பிவிசி பைப்பில் 0.4 மில்லிமீட்டர் எனாமல் கம்பி, ஏறக்குறைய 1000 சுற்று. 350 மீட்டர் கம்பி வேண்டும். மோட்டார் வைண்டிங் கடையில் எடைபோட்டுத் தருவார்கள். உச்சியில் அலுமினிய டக்ட் குழாயை வளைத்த வளையம். கணக்குப்படி சுருளின் இண்டக்டன்ஸ் 24 மில்லிஹென்றி, வளையத்தோடு சேர்த்துக் கெபாசிட்டன்ஸ் 20 பிக்கோஃபாரட். ஒத்ததிர்வு, அதாவது சுருள் தானாகத் துடிக்கும் அதிர்வெண், 230 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும். அந்த அதிர்வெண்ணில் பிரைமரியை, அதாவது அடியில் இருக்கும் சில சுற்றுச் சுருளை, எப்படித் துடிக்க வைக்கிறோம் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

ஸ்பார்க் கேப் வகை டெஸ்லா 1891-இல் காட்டிய வழி. நியான் போர்டு டிரான்ஸ்பார்மர் கெபாசிட்டரை (மின்தேக்கியை) ஏற்றும், இடைவெளியில் பொறி பாயும், சேர்ந்த மின்சாரம் பிரைமரியில் அலைபாயும். இரண்டு சுருளின் அதிர்வெண்ணையும் ஒன்றாக்கும் ட்யூனிங் கையால் செய்வது. ஏசி மெஷினுக்குப் போடும் செப்புக் குழாயைப் பிரைமரிக்கு வட்டச் சுருளாக வளைத்து, கிளிப்பைக் கால் சுற்று கால் சுற்றாக நகர்த்தி, எங்கே மின்கீற்று நீள்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டரை ஷார்ட் செய்துவிட்டுத்தான் கிளிப்பைத் தொட வேண்டும். கீற்று கிளம்பியதும் அதுவே கொஞ்சம் கெபாசிட்டன்ஸைக் கூட்டிவிடும். அதனால் பிரைமரியை ஒரு துளி தாழ்வான அதிர்வெண்ணில் வைப்பது நல்லது. 15,000 வோல்ட், 30 மில்லிஆம்பியர் டிரான்ஸ்பார்மரில் எனக்கு இரண்டடி வரை கீற்று வந்தது. மாஸ்ஃபெட்டில் முக்கால் அடியைத் தாண்டவில்லை. நீளமும் சத்தமும்தான் வேண்டுமென்றால் பழைய வழிக்கு ஈடில்லை.

ஆனால் கச்சான் (தென்மேற்குக்) காற்று தொடங்கிவிட்டால் கதையே வேறு. ஒரு ஆடி மாதக் காலையில் கொட்டகையைத் திறந்தால், முந்தின வாரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்த செப்பு முனைகள் பச்சை பூத்திருந்தன. சுவிட்சைப் போட்டதும் வழக்கமான வெள்ளை நீலப் பொறியின் ஓரமெல்லாம் மஞ்சள். உப்பிலிருக்கும் சோடியம் எரியும் நிறம் அது. கெபாசிட்டர் வரிசையைத் திருப்பிப் பார்த்தேன். அக்ரிலிக் தகட்டில் இரண்டு கால்களுக்கு நடுவே முருங்கைக் கிளை போலக் கருப்புக் கோடுகள் பிரிந்து ஓடியிருந்தன. உப்புப் படலம் ஈரத்தை இழுத்து, அதன் வழியே மின்சாரம் கசிந்து, பிளாஸ்டிக்கையே கரியாக்கியிருக்கிறது. கரி விழுந்த பிறகு துடைத்துப் பயனில்லை. தகட்டை மாற்ற வேண்டியதுதான். அந்த ஒரு பருவத்தில் மூன்று தகடு மாற்றினேன்.

பெட்டியில் போட்டு மூடலாமே என்று தோன்றும். ஸ்பார்க் கேப்பை மூட முடியாது. பொறி அணைய வேண்டும், அதற்குக் காற்று பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும், இங்கே பாயும் காற்றெல்லாம் உப்பு. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் அரித்துப்போய், 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். அத்தனை பெரிய இரும்புக்கே அந்தக் கதி. 15,000 வோல்ட்டைத் திறந்த கொட்டகையில் வைத்துக்கொண்டு வாராவாரம் துடைப்பது நடக்கிற காரியமில்லை.

மாஸ்ஃபெட் வகையில் செகண்டரியைத் தவிர எங்கும் 325 வோல்ட்டைத் தாண்டாது. வீட்டு 230 வோல்ட்டை டிசி ஆக்கினால் வருவது அவ்வளவுதான். ஆளைக் கொல்ல அதுவே போதும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் அந்த வோல்ட்டுக்கு மின்பலகையில் வார்னிஷ் அடித்து, ரப்பர் விளிம்பு வைத்த பெட்டிக்குள் அடைத்துவிடலாம். முதலில் மாஸ்ஃபெட்டின் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க்கையும் ஃபேனையும் உள்ளேயே வைத்திருந்தேன். ஃபேன் உப்பை இழுத்துக்கொண்டு வந்து, மூன்றே மாதத்தில் செப்புத் தடங்கள் பச்சையாகிவிட்டன. இப்போது ஹீட் சிங்க் பெட்டியின் வெளிச்சுவரில் இருக்கிறது, ஃபேன் கிடையாது, ஒரு தடவைக்கு முப்பது வினாடிதான் ஓட்டுவேன். அப்புறம் ஒரு கச்சான் முழுக்கப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

ட்யூனிங்கும் பெரும்பாலும் தானே நடக்கிறது. செகண்டரியின் அடிக்கம்பி ஒரு சின்ன ஃபெரைட் வளையத்துக்குள் போகிறது. அங்கே கிடைக்கும் சிக்னல்தான் மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடுகிறது. மேல் வளையத்தை மாற்றினாலும் சர்க்யூட் பின்னாலேயே போய்விடும். முதல்முறை அசையாமல் கிடந்தால், ஃபெரைட் வளையத்திலிருந்து வரும் சிக்னல் கம்பியின் இரண்டு முனைகளை மாற்றிப் போடுங்கள். வேரியாக்கில் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரில்) 50 வோல்ட்டில் தொடங்குங்கள்.

செலவு என்று பார்த்தால் வெடித்த மாஸ்ஃபெட்கள்தான். நாலு போயின, எல்லாம் ட்யூனிங் சமயத்தில். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவிலிருந்து கூரியரில் வர நாலைந்து நாள் ஆகும். பத்தாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஸ்பார்க் கேப்பில் இந்தக் காத்திருப்பு இல்லை, உள்ளூரிலேயே எல்லாம் சரிசெய்யலாம். ஆனால் எல்இடி போர்டு வந்த பிறகு இரும்புக் கோர் நியான் டிரான்ஸ்பார்மர் கிடைப்பதே அபூர்வம். கிடைக்கவில்லை என்று மைக்ரோவேவ் அடுப்பு டிரான்ஸ்பார்மர் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதில் தொட்டவர் பிழைப்பது கஷ்டம்.

என் மாஸ்ஃபெட் காயில் ஒரு கச்சானையும் ஒரு வாடையையும்தான் பார்த்திருக்கிறது. ஐந்து வருடம் தாங்குமா என்று இப்போதே சொல்ல மாட்டேன். பிரைமரியிலும் கெபாசிட்டர் வைத்து ஓட்டும் இரட்டை ஒத்ததிர்வு வகையை நான் செய்ததில்லை. அதில் மறுபடி சில ஆயிரம் வோல்ட் வருவதால் இதே உப்புப் பிரச்சினை திரும்பலாம் என்பது என் ஊகம்.

எதைச் செய்தாலும் எர்த்துக்கு ஜிஐ கம்பி வேண்டாம், செப்புக் கம்பி போடுங்கள். வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் தனியாக இறக்குங்கள். எங்கள் மணலில் ஆறடியிலேயே உவர்நீர் வந்துவிட்டது. எர்த் விஷயத்தில் மட்டும் கடல் நமக்குக் கைகொடுக்கிறது.