ஜிம்பாப்வேயின் 25 சென்ட் ‘பாண்ட்’ நாணயம்: வாங்கலாமா?

ஜிம்பாப்வே என்றாலே நாணயம் சேகரிப்பவர்கள் நூறு டிரில்லியன் டாலர் நோட்டைத்தான் தேடுகிறார்கள். நம் கணக்கில் அது ஒரு கோடி கோடி. வீட்டுக்கு வருபவர்களை வாய்பிளக்க வைக்க அதுவே போதும். ஆனால் 2014ஆம் ஆண்டு பொறித்த இந்த 25 சென்ட் நாணயத்தை இணையத்தில் வாங்கிச் சில வாரம் புரட்டிப் பார்த்தபின், அந்நாட்டு மக்களின் அன்றாட அல்லலை அந்த நோட்டைவிட இதுவே நெருக்கமாகக் காட்டுகிறது என்று நினைக்கிறேன்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். விற்றவர் ‘வெள்ளி நாணயம்’ என்று விளம்பரம் செய்திருந்தார்; காந்தத்தைக் காட்டியதும் டக்கென்று ஒட்டிக்கொண்டது. நிக்கல் முலாம் பூசிய எஃகு, அவ்வளவுதான். அழகுக்காக வாங்குபவருக்கு இதில் ஒன்றுமில்லை.

இதன் மதிப்பெல்லாம் பிறந்த கதையில் இருக்கிறது. 2008 ஜூலையில் அரசுக் கணக்கின்படியே ஆண்டுப் பணவீக்கம் 23.1 கோடி சதவீதத்தைத் தொட, 2009இல் சொந்தப் பணத்தைக் கைவிட்டு அமெரிக்க டாலருக்கும் தென்னாப்பிரிக்க ராண்டுக்கும் மாறினார்கள். டாலர் நோட்டுகள் வந்துவிட்டன. கனமான சில்லறைக் காசுகளைக் கடல் கடந்து கொண்டுவருவதுதான் கட்டுப்படியாகவில்லை. ஆகவே கடைகளில் மீதிச் சில்லறைக்கு மிட்டாய், தீப்பெட்டி, பேனா, அதுவும் இல்லையென்றால் அடுத்த முறை கழித்துக்கொள்ளத் துண்டுச்சீட்டு என்று ஆண்டுக்கணக்கில் ஓடியது. (மிட்டாய் நமக்கும் பழக்கம்தான், துண்டுச்சீட்டு கொஞ்சம் அதிகம்.)

அதைத் தீர்க்கவே 2014 டிசம்பரில் ரிசர்வ் வங்கி இக்காசுகளை வெளியிட்டது. ஆப்பிரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கி ஏற்பாடு செய்த 5 கோடி டாலர் கடன்பத்திரம் ஈடாக நின்றதால் ‘பாண்ட்’ என்ற பெயர் வந்தது. பழைய பணம் பின்வாசல் வழியாகத் திரும்புகிறது என்று அஞ்சி மக்கள் முதலில் வாங்க மறுத்தார்கள். மறு ஆண்டு ராண்டின் மதிப்பு சரிந்தபோது, கோம்பி எனப்படும் சிற்றுந்துகளிலும் சந்தையிலும் ராண்டு காசுக்குப் பதிலாக இதையே கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். சில்லறையாக இது தன் வேலையை ஒழுங்காகவே செய்தது என்பேன். 2016இல் அதே பெயரில் நோட்டுகளும் வந்தபின்தான் மக்களின் பழைய அச்சம் பலித்தது. டாலருக்குச் சமம் என்ற அரசின் கணக்கும் 2019 பிப்ரவரியில் முடிந்தது.

வாங்குவதானால் 1, 5, 10, 25, 50 சென்ட் ஐந்தையும் தொகுப்பாகவே வாங்குங்கள். நூறு டிரில்லியன் நோட்டின் விலையில் சிறு பங்குதான் ஆகும். வெள்ளி என்று சொல்லி விலையேற்றுபவரிடம் மட்டும் வேண்டாம்.